புல்தரைக்கு அடியில் ஓடும் குழாய் யாருடையது? காரீயத் தண்ணீருக்கு எந்தச் சட்டத்தைக் கேட்பது

போன மாதம் என் மைத்துனனிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு வந்தது. அவன் இருக்கும் அமெரிக்க மாநிலத்தில், குடிநீரில் காரீயம் கலப்பதைத் தடுக்கத் தனிச் சட்டம் எதுவும் இல்லை. மகள் படிக்கும் பள்ளியின் பெற்றோர் சங்கம் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரைப் பார்க்கப் போகிறதாம். “அத்தான், உங்க நியூ ஜெர்சியில சட்டம் வந்து சில வருஷம் ஆச்சே. மிச்சிகன்ல ஒண்ணு இருக்கு, இல்லினாய்ல ஒண்ணு இருக்குன்னு சொல்றாங்க. இதுல எதைக் கேக்கலாம்? ஒரு பக்கத்துல எழுதிக் குடுங்க” என்றான். ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. அவனுக்கு எழுதியதையே கொஞ்சம் விரித்து இங்கே தருகிறேன்.

முதலில் ஒரு சொல் சிக்கலைத் தீர்த்துவிடலாம். ஈயம் என்றதும் நமக்கு ரசம் வைக்கும் ஈயச் சொம்புதான் நினைவுக்கு வரும். அது வெள்ளீயம். நான் பேசுவது காரீயத்தைப் பற்றி. தமிழ்ப் பள்ளி வாசலில் இந்தப் பேச்சை எடுத்தபோது ஒரு பெரியவர், “நாங்கல்லாம் ஈயச் சொம்பு ரசம் குடிச்சு வளர்ந்தவங்கதானே தம்பி” என்று சிரித்தார். சொம்பில் கலப்படம் இருந்தால் அது வேறு கதை. மற்றபடி இரண்டும் பெயரில் மட்டும்தான் உறவு. காரீயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், படிப்பையும் கவனத்தையும் பாதிக்கும். இந்த அளவு வரை பரவாயில்லை என்று சொல்ல முடிந்த அளவு எதுவுமே இல்லை என்பதுதான் மருத்துவர்களின் நிலை.

சரி, அது தண்ணீருக்குள் எப்படி வருகிறது? சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து கிளம்பும்போது தண்ணீரில் காரீயம் அநேகமாக இருக்காது. தெருவில் ஓடும் பெரிய குழாயிலும் இல்லை. தெருக்குழாயிலிருந்து வீட்டுக்குப் பிரிந்து வரும் இணைப்புக் குழாயில்தான் வில்லங்கம். காரீயம் வளைக்கச் சுலபம், உடையாது என்பதால் அந்தக் காலத்தில் பல நகரங்கள் அதை விரும்பிப் போட்டன. சிகாகோ ஒரு படி மேலே போய், காரீயக் குழாய்தான் போட வேண்டும் என்று நகர விதியிலேயே எழுதி வைத்திருந்தது. 1986-இல் நாடு முழுக்கத் தடை வரும்வரை அந்த விதி இருந்தது. அதன் விளைவாக அந்த ஒரு நகரத்தில் மட்டும் சுமார் 4,00,000 காரீய இணைப்புகள். நாடு முழுவதற்கும் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024-இல் சொன்ன கணக்கு சுமார் 90 லட்சம். இது போக, வீட்டுக்குள் செம்புக் குழாய்களை ஒட்டிய பற்றவைப்பு, பித்தளை டேப் என்று சின்னச் சின்ன ஊற்றுகளும் உண்டு.

மத்திய அரசு விதி இல்லாமல் இல்லை. 1991-இலிருந்து இருக்கிறது. லிட்டருக்கு 15 மைக்ரோகிராம், அதாவது 15 பிபிபி (நூறு கோடியில் 15 பங்கு). இந்த எண்ணைப் பார்த்துப் பலர் ஏமாந்துபோகிறார்கள். இது உடல்நலத்தை வைத்துப் போட்ட கோடு அல்ல. நகரம் சில வீடுகளில் மாதிரி எடுக்கும். அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் 15-ஐத் தாண்டினால்தான் நகரம் அடுத்த நடவடிக்கையில் இறங்க வேண்டும். நூறு வீட்டில் ஒன்பது வீட்டுத் தண்ணீர் மோசமாக இருந்தாலும் நகரம் பாஸ். அந்த ஒன்பதில் நம் வீடு இருந்தால் நம் பாடு. 2024 அக்டோபரில் வந்த புதிய விதி இந்தக் கோட்டை 10-ஆகக் குறைத்தது. அதைவிட முக்கியமாக, 2027-இல் தொடங்கிப் பெரும்பாலான ஊர்கள் பத்தாண்டுக்குள் காரீயக் குழாய்களை எடுக்க வேண்டும் என்றது. தண்ணீர் நிறுவனங்களின் சங்கம் உடனே வழக்குப் போட்டது. மத்திய விதி ஆட்சிக்கு ஆட்சி, தீர்ப்புக்குத் தீர்ப்பு அசையக்கூடியது. மாநிலம் தனியாகச் சட்டம் போட்டுக்கொள்வதில் அர்த்தம் இருக்கிறது என்று நான் நினைப்பதற்கு அதுதான் காரணம்.

இதுவரை மாநிலங்கள் எடுத்த பாதைகளைப் பார்த்தால் நான்கு வகை தெரிகிறது. சோதித்துச் சொல்வது, வடிகட்டி வைப்பது, குழாயைத் தோண்டி எடுப்பது, புதிதாக விற்கும் டேப்பிலும் இணைப்புகளிலும் காரீயத்தைக் குறைப்பது. கடைசியில் சொன்னதை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதில் தீர்மானிக்க அதிகம் இல்லை. 1986 சட்டம் ‘காரீயம் இல்லாதது’ என்ற முத்திரையோடு 8 சதவீதம் வரை காரீயம் வைத்துக்கொள்ள விட்டது. படிக்கும்போதே சிரிப்பு வரும். கலிபோர்னியா 2006-இல் அதை 0.25 சதவீதமாகக் குறைத்துச் சட்டம் போட்டு 2010-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அவ்வளவு பெரிய சந்தைக்கு ஒரு டேப், மற்ற ஊருக்கு வேறு டேப் என்று செய்வது யாருக்கும் கட்டுப்படியாகாது. 2014 ஜனவரியிலிருந்து அதே அளவு நாடு முழுக்கச் சட்டமாகிவிட்டது. 2021-இல் கலிபோர்னியா இன்னொரு சட்டம் போட்டு, டேப்பிலிருந்து தண்ணீரில் கரையும் அளவையும் இறுக்கியது. நல்ல வேலை. ஆனால் 1950-இல் புதைத்த குழாயை இது தொடாது.

ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வரி. இந்தியாவில் காரீயக் குழாய் பெரிய பிரச்சினை இல்லை. அங்கே கவலை பிவிசி குழாய் தயாரிக்கும்போது சேர்க்கும் காரீயச் சேர்மங்கள். அதற்கு மத்திய அரசு 2021-இல் தனி விதி கொண்டுவந்தது. குடிநீருக்கான இந்தியத் தர அளவும் 10 பிபிபிதான்.

இப்போது சோதனை. அரசியல்வாதிகளுக்கு மிகப் பிடித்த வழி இதுதான். செலவு குறைவு, செய்தோம் என்று காட்ட முடியும். நியூயார்க் 2016-இல் எல்லாப் பொதுப் பள்ளிகளும் டேப் டேப்பாகச் சோதிக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. முதலில் கோடு 15. பிறகு 2021-இல் திருத்தி 5-ஆக இறக்கி, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்கச் சொன்னது. இல்லினாய் 2017-இல் பழைய பள்ளிக் கட்டடங்களைச் சோதித்து, 5-க்கு மேல் வந்தால் பெற்றோருக்குத் தெரிவிக்கச் சொன்னது. வெர்மான்ட் 2019-இல் 4 என்று வைத்தது. குழந்தை மருத்துவர்களின் அமெரிக்கக் கழகம் பள்ளிகளுக்குப் பரிந்துரைப்பது 1. என் மைத்துனனின் சங்கத்திலும் இந்த எண்ணை வைத்துத்தான் சண்டை நடக்கிறதாம். ஒருவர் 5 போதும் என்கிறார், இன்னொருவர் 1-க்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறார்.

எனக்கு இந்தச் சண்டையில் ஆர்வம் போய்விட்டது. காரீயம் தண்ணீரில் உப்பு மாதிரி ஒரே சீராகக் கரைந்து வருவதில்லை. குழாயின் உள்சுவரில் படிந்த பொருக்கிலிருந்து துணுக்குத் துணுக்காகவும் உதிர்கிறது. பக்கத்தில் ரோடு வேலை நடந்தால் உதிரும், நீண்ட விடுமுறைக்குப் பிறகு டேப்பைத் திறந்தால் அதிகமாக வரும், வெயில் காலத்தில் கூடும். இன்று 2 காட்டிய அதே டேப் அடுத்த மாதம் 20 காட்டினால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஒரு நாள், ஒரு பாட்டில், ஒரு எண். அதை வைத்து ‘உங்கள் பள்ளி பாதுகாப்பானது’ என்று கடிதம் அனுப்புவது, தேங்காயைத் தட்டிப் பார்த்துத் தோப்பையே விலைபேசுவது போல. அதிக அளவு காட்டினால் நம்பலாம், அங்கே நிச்சயம் ஏதோ இருக்கிறது. குறைவாகக் காட்டினால் அந்த நிமிடத்தில் வரவில்லை என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

இது எல்லாவற்றையும்விட எனக்கு உறுத்துவது வேறு. சோதனையை மட்டும் நம்பும் சட்டத்தில் வரிசை தலைகீழாக இருக்கிறது. குழந்தை குடிக்கும், பிறகு சோதிப்போம், மோசமாக வந்தால் மூடுவோம், பிறகு பணம் தேடுவோம். மூடிய டேப்பில் குப்பைப் பை சுற்றி வைத்திருக்கும் பள்ளிகளை எங்கள் நியூ ஜெர்சியின் நியூவர்க் நகரம் 2016-லேயே பார்த்துவிட்டது. அந்த ஆண்டு மார்ச்சில் முப்பது பள்ளிகளில் குடிநீர் டேப்புகளை மூடினார்கள். சில ஆண்டு கழித்து வீட்டுக் குழாய்களிலும் அதே கதை என்று தெரிந்தது.

வெர்மான்ட்டைக் குறை சொல்ல மாட்டேன். சின்ன மாநிலம். சோதனைச் செலவை மாநிலமே ஏற்றுக்கொண்டது. மோசமான டேப்பை மாற்றுவதே பல இடங்களில் போதுமானதாக இருந்தது. பள்ளிகள் எண்ணிக்கையில் குறைவு, கையில் பணம் இருக்கிறது என்றால் அந்த வழி நடக்கும்.

அடுத்தது வடிகட்டி. இதைப் பள்ளிக்கு மட்டும் என்று எடுத்துக்கொண்டால் நான் கண்ணை மூடிக்கொண்டு ஆதரிப்பேன். டெட்ராய்ட் பள்ளி நிர்வாகம் 2018-இல் பள்ளி திறப்பதற்குச் சற்று முன், சோதனையில் பல பள்ளிகளில் காரீயமோ செம்போ கூடுதலாக வந்ததும், டேப் டேப்பாகத் தேடிக்கொண்டிருக்காமல் எல்லாப் பள்ளிகளிலும் குடிநீரை நிறுத்தியது. பிறகு வடிகட்டி பொருத்திய குடிநீர் நிலையங்களை வைத்தது. வாஷிங்டன் டிசி அதற்கு முந்தின ஆண்டே பள்ளிகளில் குடிக்கும் டேப் ஒவ்வொன்றிலும் வடிகட்டி வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தது. மிச்சிகன் மாநிலம் 2023-இல் அதையே பள்ளிகளுக்கும் குழந்தைக் காப்பகங்களுக்கும் மாநிலச் சட்டமாக்கியது. முதலில் வடிகட்டி, பிறகு அந்த வடிகட்டிய தண்ணீரைச் சோதித்துச் சரிபார்த்தல். வரிசை நேராகிவிட்டது பாருங்கள். சோதனை அங்கேயும் இருக்கிறது, ஆனால் குழந்தை குடித்த பிறகு வரும் தீர்ப்பாக இல்லை.

பள்ளிக்கு இது ஏன் பொருந்துகிறது என்றால், பெரிய கட்டடத்தில் காரீயம் ஒரே இடத்தில் இருப்பதில்லை. நூற்றுக்கணக்கான இணைப்புகள், பழைய பற்றவைப்புகள், பித்தளை வால்வுகள். இணைப்புக் குழாயை மட்டும் மாற்றினால் தீராது. குடிக்கும் இடத்தில் பிடித்துக்கொள்வதுதான் மலிவு. பராமரிக்க ஒரு பணியாளர் இருக்கிறார், தேதி எழுதி வைக்க ஒரு பதிவேடு இருக்கிறது.

வீட்டுக்கு அதே வாதம் நொண்டுகிறது. எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் வடிகட்டியை மாற்றச் சொல்லும் சிவப்பு விளக்கு எத்தனை மாதமாக எரிகிறது என்று என் மனைவியைக் கேட்டால் தெரியும். காரீயத்துக்கென்று சான்று பெற்ற வடிகட்டி வேறு, குளோரின் வாடையை மட்டும் எடுக்கும் வடிகட்டி வேறு. பெட்டியில் 53 என்ற எண்ணுடைய தரச்சான்றும், காரீயம் என்ற சொல்லும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 42 மட்டும் இருந்தால் அது வாடைக்குத்தான். கடையில் அலமாரி முன் நின்று இதைப் படிப்பவர் எத்தனை பேர்? இதோடு நம் வீடுகளில் இன்னொரு நம்பிக்கை உண்டு. ஊரிலிருந்து வந்த அம்மா, “காய்ச்சிக் குடிச்சா எல்லாம் போயிடும்” என்று ஒரு பெரிய பாத்திரத்தில் தண்ணீரை அடுப்பில் வைத்துவிடுவார். கிருமி போகும். காரீயம் போகாது. தண்ணீர் வற்ற வற்றக் கொஞ்சம் அடர்த்திதான் கூடும். பால் மாவு கரைத்துக் குடிக்கும் கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இதைக் கட்டாயம் சொல்லிவிடுங்கள்.

வடிகட்டிமேல் மக்களுக்கு இருக்கும் நம்பிக்கையும் எளிதில் உடைந்துபோகும். நியூவர்க்கில் ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு வடிகட்டி கொடுத்தார்கள். 2019 ஆகஸ்டில் மூன்று வீட்டைச் சோதித்ததில் இரண்டில் வடிகட்டிய தண்ணீரும் சரியில்லை என்று வந்தது. நகரமே பாட்டில் தண்ணீருக்கு வரிசையில் நின்றது. பிறகு நிறைய வீடுகளில் சோதித்ததில், சரியாகப் பொருத்திய வடிகட்டி மிகப் பெரும்பாலும் வேலை செய்கிறது என்று தெரிந்தது. ஆனால் அதற்குள் பேர் கெட்டுவிட்டது. வடிகட்டியைக் குழாய் மாற்றும் வரைக்குமான குடையாக வைத்துக்கொள்ளலாம். குடையையே கூரை என்று சட்டத்தில் எழுதினால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இனி குழாயைத் தோண்டி எடுக்கும் வழி. என் கருத்தில் ஒரு மாநிலச் சட்டம் நல்லதா கெட்டதா என்பதைப் பிபிபி எண் காட்டாது. வீட்டு முன்புறப் புல்தரைக்கு அடியில் கிடக்கும் அந்தச் சில அடிக் குழாய் யாருடையது, யார் பணம் கட்டுவது என்பதற்கு அந்தச் சட்டம் என்ன பதில் வைத்திருக்கிறது என்பதுதான் காட்டும்.

அமெரிக்காவில் பல ஊர்களில் இணைப்புக் குழாய் இரண்டு பாகம். தெருக்குழாயிலிருந்து நடைபாதை ஓரம் வரை தண்ணீர் நிறுவனத்துடையது. அங்கிருந்து வீட்டுச் சுவர் வரை வீட்டுக்காரருடையது. காரீயத்துக்கு இந்த எல்லைக்கோடு தெரியாது. ஆனால் இதுவரை நடந்த எல்லா இழுபறியும் அந்தக் கோட்டில்தான்.

மிச்சிகனின் தலைநகர் லான்சிங்கைப் பாருங்கள். அங்கே மீட்டர் வரைக்கும் குழாய் நகரத் தண்ணீர் வாரியத்துடையது. கேட்க ஆள் இல்லை, பில் பிரிக்கத் தேவையில்லை. 2004-இல் தொடங்கி 2016 டிசம்பரில் கடைசிக் குழாயையும் எடுத்துவிட்டார்கள். சுமார் 12,150 இணைப்புகள், கிட்டத்தட்ட 4.4 கோடி டாலர். ஒரு வீட்டுக்குச் சுமார் 3,600 டாலர் வருகிறது. தெரு முழுக்கப் பள்ளம் தோண்டாமல், பழைய குழாயை இழுக்கும்போதே அதன் பின்னால் புதிய செம்புக் குழாயை உள்ளே இழுத்துவிடும் உத்தியையும் பழகிக்கொண்டார்கள். ஒரு மணி நேரம் காரில் போனால் ஃபிளின்ட். 2014 ஏப்ரலில் அந்த நகரம் செலவைக் குறைக்க ஆற்றுத் தண்ணீருக்கு மாறி, அரிப்பைத் தடுக்கும் மருந்தையும் சேர்க்காமல் விட்டு, உலகமே பேசும் நிலைக்கு ஆளானபோது, லான்சிங்கில் வேலை முடியும் தறுவாயில் இருந்தது.

விஸ்கான்சினின் மேடிசன் கதை இன்னும் சுவையானது. அங்கே அரிப்பைத் தடுக்கப் பாஸ்பேட் சேர்க்கலாம் என்றார்கள். மேடிசனைச் சுற்றி ஏரிகள். பாஸ்பேட் கழிவுநீரோடு போய் ஏரியில் பாசியை வளர்க்கும் என்று நகரம் மறுத்துவிட்டது. அப்போ குழாயையே எடுத்துவிடலாம் என்று 2000-இல் நகரச் சட்டம் போட்டார்கள். வீட்டுக்காரர் தன் பங்கை மாற்றியே ஆக வேண்டும், பாதிச் செலவை, 1,000 டாலர் வரை, நகரம் திருப்பித் தரும். தண்ணீர்க் கட்டணப் பணத்தை எடுத்துத் தனியார் நிலத்தில் போடக்கூடாது என்று மாநிலக் கட்டுப்பாட்டு ஆணையம் கைவிரித்துவிட்டது. நகரம் என்ன செய்தது தெரியுமா? தண்ணீர்த் தொட்டிகள்மேல் செல்போன் ஆண்டெனா வைக்கக் கொடுத்த வாடகையை எடுத்து மானியம் கொடுத்தது. சுமார் 8,000 இணைப்புகள், பத்தாண்டு. வாடகை வரும் தொட்டி இல்லாத ஊர் என்ன செய்யும் என்ற கேள்விக்கு அந்த மாநிலம் 2018-இல்தான் பதில் எழுதியது. வீட்டுக்காரர் பங்குக்கும் உதவ நிறுவனங்களுக்கு அனுமதி கிடைத்தது. இண்டியானாவும் 2017-இல் இதே பூட்டைத் திறந்துவிட்டது. மைத்துனனுக்கு நான் அடிக்கோடிட்டு எழுதிய முதல் வரி இது: உங்கள் மாநிலத்தில் இந்தப் பூட்டு இருக்கிறதா என்று முதலில் பார். இருந்தால் பத்துப் பக்கச் சட்டம் கேட்பதற்கு முன் அந்த ஒரு பத்தியை மாற்றச் சொல்.

வீட்டுக்காரர் கட்டட்டும் என்று விட்டால் என்ன ஆகும் என்பதற்கு வாஷிங்டன் டிசி சாட்சி. தண்ணீரில் சேர்க்கும் கிருமிநாசினியை மாற்றியதும் அங்கே காரீயம் ஏறியது. 2004-இல் விஷயம் வெளியே வந்தது. நகரம் தன் பங்குக் குழாய்களை வேகமாக மாற்றியது, வீட்டுக்காரர் பங்கை அவரவர் விருப்பத்துக்கு விட்டது. ஆயிரக்கணக்கான வீடுகளில் பாதிக் குழாய் செம்பு, பாதிக் குழாய் காரீயம் என்று ஆனது. வெட்டும்போது பழைய பொருக்கு குலுங்கி உதிரும். செம்பும் காரீயமும் தொட்டுக்கொண்டிருந்தால் மின்வேதி அரிப்பு வேறு. பணம் செலவழித்துத் தண்ணீரை இன்னும் மோசமாக்கிய வேலை அது. பிறகு நடந்த ஆய்வு ஒன்று, பணம் கட்டி முழுக் குழாயையும் மாற்றிக்கொண்டவர்கள் அதிகம் வசதியான பகுதிகளில்தான் என்று காட்டியது. ஆய்வு இல்லாமலே ஊகிக்கலாம்.

நியூவர்க்கும் அதே தப்பில்தான் தொடங்கியது. வீட்டுக்காரர் 1,000 டாலர் வரை தர வேண்டும் என்றார்கள், கூட்டம் சேரவில்லை. பெரும்பாலோர் வாடகைக்கு இருப்பவர்கள். வீட்டுச் சொந்தக்காரர் எங்கேயோ இருப்பார், போனை எடுக்க மாட்டார். 2019-இல் மூன்று விஷயம் ஒன்றாக நடந்தது. கவுண்டி, அதாவது மாவட்ட நிர்வாகம், 12 கோடி டாலர் கடன் பத்திரம் வெளியிட்டுப் பணம் கொடுத்தது, வீட்டுக்காரருக்குச் செலவே இல்லை என்று ஆக்கினார்கள், சொந்தக்காரர் கையெழுத்து இல்லாமலே வீட்டுக்குள் போய்க் குழாயை மாற்ற நகரச் சட்டம் வந்தது. பத்தாண்டு ஆகும் என்று பேசிக்கொண்டிருந்த வேலை சுமார் மூன்றே ஆண்டில் முடிந்தது. 23,000-க்கு மேல் குழாய்கள். பணத்தைப் பற்றிப் பலர் பேசுகிறார்கள். அந்தக் கையெழுத்து விஷயத்தை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. அதுதான் வேகத்தின் பாதி என்பது என் எண்ணம்.

இதைப் பார்த்த சூட்டில்தான் நியூ ஜெர்சி 2021 ஜூலையில் மாநிலம் முழுக்கச் சட்டம் போட்டது. பத்தாண்டில், அதாவது 2031-க்குள், எல்லாக் காரீய இணைப்புகளும் போக வேண்டும். குழாய் யாருடையது என்ற பேதம் இல்லை. துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயையும் இந்தக் கணக்கில் சேர்த்தது. காரணம் காட்டிக் காலநீட்டிப்பு கேட்க வழி இருக்கிறது, அது எனக்குப் பிடிக்கவில்லை. செலவை எல்லா வாடிக்கையாளர்களின் கட்டணத்திலும் பரப்பலாம். என் பில்லிலும் ஏறியிருக்கிறது. முனகிக்கொண்டேதான் கட்டுகிறேன்.

சட்டப்படி எனக்கும் ஒரு கடிதம் வந்தது, உங்கள் இணைப்பு என்ன உலோகம் என்று எங்கள் பதிவில் இல்லை என்று. ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த திருப்பதி காந்தத்தையும் வீட்டுச் சாவியையும் எடுத்துக்கொண்டு பேஸ்மென்ட்டுக்குப் போனேன். காந்தம் ஒட்டினால் இரும்பு. ஒட்டாமல், சாவியால் லேசாகச் சுரண்டினால் மெத்தென்று வெள்ளி போலப் பளபளத்தால் காரீயம். செம்புக் காசு நிறம் வந்தால் செம்பு. என்னுடையது செம்பு. பக்கத்து வீட்டுத் தாத்தாவுடையதில் காந்தம் ஒட்டிக்கொண்டது.

மிச்சிகன் 2018-இலேயே தொடங்கிவிட்டது. சட்டமன்றம் போட்ட சட்டம் அல்ல, அரசுத் துறை கொண்டுவந்த விதி. ஃபிளின்டுக்குப் பிறகு அங்கே யாரும் மெதுவாகப் போக முடியாது. ஆண்டுக்குச் சராசரியாக 5 சதவீதம், இருபது ஆண்டில் எல்லாம். முழுக் குழாயும் நிறுவனத்தின் செலவில், பாதிக் குழாய் மாற்றுவது கூடாது. 2025-இலிருந்து கோடு 15-க்குப் பதில் 12. பெரிய தண்ணீர் நிறுவனங்கள் வழக்குப் போட்டுப் பார்த்தன, நிற்கவில்லை. பணத்துக்கு அந்த விதி கொடுத்த பதில் தெளிவானது. வேகம்தான் போதாது.

இல்லினாய் 2021-இல் போட்ட சட்டத்தில் நல்லது இருக்கிறது. பாதிக் குழாய் மாற்றுவதைத் தடுத்தது, வரவு செலவு பட்டியல் போல எல்லாக் குழாயையும் கணக்கெடுக்கச் சொன்னது. ஆனால் கெடுவைக் குழாய் எண்ணிக்கையை வைத்து நிர்ணயித்தது. சின்ன ஊருக்கு 15 ஆண்டு, பெரிய ஊருக்கு 34. சிகாகோ போன்றதற்கு 2027-இலிருந்து 50 ஆண்டு. அதாவது 2077. அந்த நகரத்தின் சுமை எனக்குப் புரிகிறது, 4,00,000 குழாயை மூன்றே ஆண்டில் எடுக்க முடியாது. ஆனால் 2027-இல் பிறக்கும் குழந்தை ஐம்பது வயதில் தன் பேரனுக்குப் பால் மாவு கரைக்கும்போது அந்த வீட்டுக் குழாய் மாறியிருக்கும் என்பதைக் கெடு என்று எப்படிச் சொல்வது?

வேறு வாதமும் உண்டு, அதை ஒதுக்க முடியாது. ஐந்நூறு வீடு உள்ள சிற்றூர், பாதிப் பேர் ஓய்வூதியத்தில் வாழ்பவர்கள். அங்கே எல்லார் கட்டணத்திலும் பரப்பினாலும் ஒவ்வொருவர் பங்கும் கனக்கும். 2021-இல் மத்திய அரசு குழாய் மாற்ற 1,500 கோடி டாலர் ஒதுக்கியது. அதில் பெரும்பகுதி மாநிலக் கடன் நிதி வழியாக வருகிறது, அந்தக் கதவைத் தட்டி விண்ணப்பம் நிரப்ப இந்தச் சிற்றூர்களில் ஆளில்லை. எனவே நல்ல சட்டத்தில் விண்ணப்பம் எழுதிக் கொடுக்க மாநிலமே பொறியாளர்களை அனுப்பும் ஒரு பிரிவு இருக்க வேண்டும் என்று எழுதினேன். இது கண்ணைக் கவராத கோரிக்கை, யாரும் தட்டி வைத்துப் பிடிக்க மாட்டார்கள்.

ஆக, மைத்துனனுக்கு நான் சொன்னது இதுதான். பள்ளிக்கும் குழந்தைக் காப்பகத்துக்கும் மிச்சிகன் வழி, அதாவது வடிகட்டி முதலில். வீட்டுக்கு நியூ ஜெர்சியின் பத்தாண்டுக் கெடு, மிச்சிகனின் பணப் பதில், நியூவர்க்கின் கையெழுத்துத் தேவையில்லாத நுழைவு, இல்லினாயிலிருந்து பாதிக் குழாய்க்குத் தடை. குழாய் மாறும் வரை வடிகட்டியும், அதில் அவ்வப்போது மாற்றிப் போடும் கார்ட்ரிட்ஜும் இலவசம். வாடகைக்கு இருப்பவருக்கு நேராகக் கடிதம் போக வேண்டும், சொந்தக்காரர் வழியாக அல்ல. பேரம் பேசும்போது எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டும் என்றால் பிபிபி எண்ணை விட்டுக்கொடு. 5-ஆ 10-ஆ என்பதற்காகக் கெடுவையோ பணத்தையோ விற்றுவிடாதே. குழாய் போய்விட்டால் எண் தானாக இறங்கும்.

போன வாரம் அவர்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். அன்று ராத்திரியே கூப்பிட்டான். “நல்லாக் கேட்டுக்கிட்டார் அத்தான். நாப்பது நிமிஷம் குடுத்தார்.”

“பணத்தைப் பத்திக் கேட்டாரா?”

“அப்புறம்தான் கேட்டார். முதல் கேள்வி வேற. தோண்டினதுக்கு அப்புறம் புல்லை யாரு திரும்பப் போடுவாங்கன்னு கேட்டார்.”

நான் அதை எழுதியிருக்கவில்லை. இப்போது சேர்த்துவிட்டேன்.